ஆளை எடுத்தான், நிலத்தை விட்டுவைத்தான்: கூட்டேரிப்பட்டிலிருந்து ஒரு பேரரசின் வரலாறு

பள்ளிப் பாடநூலில் 'கர்நாடகப் போர்கள்' என்று ஒரு பாடம் உண்டு. துய்ப்ளே, கிளைவ், லாலி, அயர்கூட், சந்தா சாகிப், முகமது அலி என்று பெயர்கள் வரிசையாக வரும். நம் பிள்ளைகள் ஆண்டுகளை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். அந்தப் பாடத்தில் வரும் ஊர்கள் எங்கே இருக்கின்றன என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

கூட்டேரிப்பட்டு, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே நெடுஞ்சாலையில் இருக்கிறது. கிழக்கே சாலை பிரிந்து மயிலம் வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறது. மேற்கே செஞ்சி. வடக்கே வந்தவாசி. தெற்கே கடலூர். கிழக்கே கடலோரத்தில் மரக்காணம். எந்த ஊருக்கும் காலையில் பேருந்து ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். இந்தியாவை ஆளப்போவது பிரெஞ்சுக்காரனா ஆங்கிலேயனா என்ற கேள்வி இந்தச் சின்ன வட்டத்துக்குள்தான் தீர்ந்தது. உலகப் பேரரசு ஒன்று பிறந்த களத்தின் நடுவில் நம் சேரிகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பாடத்தில் சேரி இல்லை.

இந்த வரலாற்றை நம்மிடம் இரண்டு வகையாகச் சொல்கிறார்கள். ஒரு தரப்பு, "வெள்ளைக்காரன் வந்துதான் நம்மை அடிமையாக்கினான், அதற்கு முன் எல்லோரும் ஒன்றாக இருந்தோம்" என்கிறது. இன்னொரு தரப்பு, நம்மவர்களிலேயே சிலர், "வெள்ளைக்காரன் வரவில்லை என்றால் நமக்குப் படிப்பும் இல்லை, வேலையும் இல்லை" என்கிறார்கள். இரண்டையும் நாம் கேட்டுக்கொண்டேதான் வளர்ந்தோம். இரண்டும் விட்டுவிடுகிற ஒரு கணக்கு உண்டு. அது நிலத்தின் கணக்கு. பேரரசு தன் ஒவ்வொரு படியிலும் சேரியிலிருந்து ஆளை எடுத்தது. நிலத்தை மட்டும் ஊரிடமே விட்டுவைத்தது. அந்தக் கணக்கை இங்கே பார்க்கிறோம்.

குண்டு விழுந்த தூரம் வரை

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினி 1600இல் இலண்டனில் தொடங்கப்பட்டது. 1639இல் சென்னையில் இடம் பிடித்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1674இல் பிரான்சுவா மார்த்தேன் தலைமையில் புதுச்சேரியில் நிலைபெற்றார்கள். டச்சுக்காரர்களும் போர்ச்சுக்கீசியரும் அதற்கு முன்பே இந்தக் கடற்கரைக்கு வந்துவிட்டவர்கள்.

1690இல் செஞ்சிக் கோட்டையில் இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். முகலாயப் படை அவரை நெருக்கிக்கொண்டிருந்தது. அவருக்குப் பணம் தேவை. கடலூர் அருகே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியர்கள் கும்பினிக்கு விற்றார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமும் விற்பனையில் சேரும் என்பது ஒப்பந்தம். கும்பினி தன் பீரங்கியைச் சுட்டது. குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த கிராமங்கள் கும்பினியுடையதாயின. கடலூரில் இன்றும் 'குண்டு உப்பலவாடி' என்று ஊர்ப்பெயர் இருக்கிறது. அந்தக் கோட்டைதான் புனித தாவீது கோட்டை.

இந்தக் கதையைச் சுவையான தகவலாகச் சொல்லிக் கடந்துபோவார்கள். நாம் நின்று ஒரு கேள்வி கேட்கவேண்டும். அந்தக் குண்டு பறந்த வயல்களில் யார் உழுதுகொண்டிருந்தார்கள்? செஞ்சியில் இருந்தவர் விற்றார். சென்னையில் இருந்தவர் வாங்கினார். வயலில் இருந்தவரை யாரும் கேட்கவில்லை. நிலம் கைமாறும்போது அதில் உழைப்பவரும் சேர்ந்தே கைமாறுவார் என்பது அதற்கு வெகுகாலம் முன்பே இந்த மண்ணில் இருந்த வழக்கம். பண்ணையாள், படியாள் என்ற பெயர்களில் அது நடந்துவந்தது. கும்பினி அந்த வழக்கத்தை உண்டாக்கவில்லை. கண்டது, தனக்குப் பயன்படும் என்று தெரிந்துகொண்டது.

கப்பலில் ஏற்றப்பட்டவர்கள்

இந்தக் கடற்கரையிலிருந்து துணி போனது, மிளகு போனது என்று படித்திருக்கிறோம். மனிதர்களும் போனார்கள். 17ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம் டச்சுக் கும்பினி இந்தச் சோழமண்டலக் கரையில் ஆட்களை விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் கொண்டுபோனது. பசியில் பெற்றோர் பிள்ளைகளை விற்றார்கள்; தங்களையே விற்றார்கள்.

சென்னைக் கோட்டையும் இதில் பின்தங்கவில்லை. எலிஹு யேல் ஆளுநராக இருந்த 1687இல், ஒரே மாதத்தில் குறைந்தது 665 பேர் அடிமைகளாகச் சென்னையிலிருந்து ஏற்றுமதியானார்கள். ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது 10 அடிமைகளை செயிண்ட் ஹெலினா தீவில் இறக்கவேண்டும் என்று கோட்டை உத்தரவு போட்டிருந்தது. 1688இல் முகலாய அரசின் எதிர்ப்புக்குப் பயந்துதான் அந்த ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. சென்னையில் சம்பாதித்த செல்வத்திலிருந்து யேல் கொடுத்த நன்கொடைக்காக அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கப்பலேறிய 665 பேரின் பெயர் எங்கும் இல்லை.

புதுச்சேரியில் துய்ப்ளேயிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அவர் நம்மவர் இல்லை; நம்மேல் பரிவு கொண்டவரும் இல்லை. ஆனால் கண்டதை எழுதி வைத்தார். 1743 ஜூன் மாதம் ஒரு செய்தி. ஆட்களை ஏமாற்றிப் பிடித்து, வீட்டுக்குள் அடைத்து வைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றி வந்த கூட்டம் ஒன்று அகப்பட்டது. மொரீசியஸ், ரீயூனியன் தீவுகளில் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆள் தேவைப்பட்ட காலம் அது. தரகர்கள் நம் ஊர்க்காரர்கள்தான். வெள்ளையன் கப்பலைக் கொண்டுவந்தான். ஊரிலிருந்து ஆளைப் பிடித்துக் கொடுக்க ஊரில் ஆள் இருந்தார்கள்.

அதே நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் இன்னொரு செய்தி இருக்கிறது. புதுச்சேரி மாதாகோயிலுக்குள் ஒரு சுவர். சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், பறையர் கிறிஸ்தவர்கள் மறுபக்கம். இந்தச் சுவர் ஏன் என்று நம் முன்னோர் பாதிரியாரிடம் போய்க் கேட்டார்கள். நாங்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தானே, ஆண்டவன் முன் எல்லோரும் ஒன்று என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்பது அவர்களின் வழக்கு. சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். அம்பேத்கர் பிறப்பதற்கு ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பே, இந்த வட்டாரத்தில், ஒரு சுவருக்கு எதிராக நம்மவர்கள் கூடி நின்று பேசியிருக்கிறார்கள். வரலாறு நமக்கு இல்லை என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

சுமை தூக்கியவர்கள்

1749 முதல் 1761 வரை இந்த மண் போர்க்களம். ஆர்க்காட்டு நவாபு பதவிக்கு இருவர் போட்டியிட்டார்கள். ஒருவர் பின்னால் பிரெஞ்சுக்காரர், மற்றவர் பின்னால் ஆங்கிலேயர். 1750 செப்டம்பரில் புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தான். அந்த ஆண்டு டிசம்பரில் ஹைதராபாத் நிஜாம் நாசிர் ஜங் செஞ்சிக்கு அருகே தன் ஆட்களாலேயே கொல்லப்பட்டார். தென்னிந்தியா பிரெஞ்சுக்காரன் கைக்குப் போய்விட்டது என்று உலகம் நினைத்தது. பத்தாண்டு கழித்து, 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அயர்கூட் லாலியைத் தோற்கடித்தான். 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. ஏப்ரலில் செஞ்சியும் போனது. திண்டிவனம் அருகே இருக்கும் பெருமுக்கல் மலைக்கோட்டையும் இந்தப் போர்களிலும் பின்னால் வந்த ஹைதர் அலி காலத்துப் போர்களிலும் பலமுறை கைமாறியது.

இந்தப் போர்களைப் பற்றி எழுதிய ஐரோப்பிய வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் லாலியைக் கண்டிக்கும் ஓர் இடம் உண்டு. 1758இல் புனித தாவீது கோட்டையைத் தாக்கப் புறப்பட்டபோது அவனிடம் போதிய கூலியாட்கள் இல்லை. புதுச்சேரியில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சாதி பார்க்காமல் பிடித்துச் சுமை தூக்க வைத்தான். உயர்சாதியினரும் சேரியாட்களோடு சேர்ந்து சுமக்க வேண்டியதாயிற்று. இது மாபெரும் கொடுமை, இந்திய மக்களின் உணர்வைப் புரிந்துகொள்ளாத மூடத்தனம், லாலியின் தோல்விக்கே இது ஒரு காரணம் என்று எழுதினார்கள்.

நாம் இந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறோம். உயர்சாதிக்காரர் தலையில் சில நாள் மூட்டை ஏறியது கொடுமையாகிவிட்டது. அதற்கு முந்தைய நாளும் பிந்தைய நாளும் அதே மூட்டையை யார் சுமந்தார்கள்? அது யாருக்கும் கொடுமையாகத் தெரியவில்லை. பீரங்கியை இழுத்தவர்கள், கூடாரம் அடித்தவர்கள், டோலி தூக்கியவர்கள், குதிரைக்குப் புல் அறுத்தவர்கள், செத்தவர்களைப் புதைத்தவர்கள் என்று ஒரு சிப்பாய்க்குப் பின்னால் பல கைகள் வேலை செய்தன. அந்தக் கைகளில் பெரும்பாலானவை நம்முடையவை.

சிப்பாய்களாகவும் நின்றோம். சென்னைப் படையில், குறிப்பாகப் பாதை வெட்டும் பயோனியர் படையிலும் 1780இல் தொடங்கிய சாப்பர் படையிலும் பறையர்கள் பலர் இருந்தார்கள். ஒடுக்கப்பட்டவர்கள் உள்ளே நின்ற படைகளைக் கொண்டுதான் ஆங்கிலேயன் இந்தியாவை வென்றான் என்று அம்பேத்கர் சுட்டிக்காட்டினார். வங்கத்தில் பிளாசி, மராட்டியத்தில் கோரேகாவ்ன், இங்கே சென்னைப் படை. ஏன் சேர்ந்தார்கள் என்று கேட்பவர்களுக்குப் பதில் எளிது. சம்பளம் காசாக வந்தது. காலில் செருப்பும் உடலில் சட்டையும் போடலாம். ஊருக்குத் திரும்பும்போது ஆண்டை முன் குனிய வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் ஆங்கிலேயன் என்ன செய்தான்? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'போர்க்குல இனங்கள்' என்று ஒரு கொள்கையைக் கொண்டுவந்து, வடக்கே பஞ்சாபியரையும் கூர்க்காக்களையும் சேர்த்து, சென்னைப் படையைச் சுருக்கினான். பேரரசைக் கட்டும்போது வீரர்களாக இருந்தவர்கள், கட்டி முடித்ததும் வீரமற்ற சாதியாகிவிட்டார்கள்.

கும்பினி அரசானது, ஊர் ஊராகவே இருந்தது

நவாபு முகமது அலி போருக்கு வாங்கிய கடனும், கடனுக்கு வட்டியும், வட்டிக்கு ஈடாகக் கும்பினி எடுத்துக்கொண்ட வரிவசூலும் ஒரு நீண்ட கதை. அதன் முடிவு 1801 ஜூலை 31. அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி ஆர்க்காட்டு நாடு கும்பினிக்கு வந்தது. நம் பகுதி தென்னார்க்காடு மாவட்டமானது. 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரியும் வரை அந்தப் பெயர்தான்.

அரசான கும்பினிக்கு முதல் வேலை வரி. வரி கொடுப்பவன் யார், நிலம் யாருடையது என்று கேட்டார்கள். செங்கல்பட்டுப் பக்கம் மிராசுதார் முன்னே வந்தார். தென்னார்க்காட்டில் ரயத்துவாரி முறையில் பட்டாதார் முன்னே வந்தார். கணக்குப்பிள்ளை ஏட்டைப் பிரித்தார். அதிகாரி எழுதிக்கொண்டார். வாய்மொழியாக, பலத்தால், வழக்கத்தால் இருந்த சாதிப் பிடி, அன்றுமுதல் சர்க்கார் முத்திரை பெற்ற காகிதமாயிற்று. உழுதவரின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

வரி ஒழுங்காக வரவேண்டுமானால் வயலில் ஆள் இருக்கவேண்டும். பண்ணையாட்களை விடுவித்தால் சாகுபடி கெடும், வரி குறையும் என்ற பயம் கும்பினியின் அதிகாரிகளுக்கு இருந்தது. 1819இல் வருவாய் வாரியம் மாகாணத்தில் அடிமைமுறை பற்றி விசாரித்தது, விவரங்களைச் சேர்த்தது, பெரிதாக எதையும் மாற்றவில்லை. ஆங்கிலேயப் பேரரசு தன் மற்றக் குடியேற்ற நாடுகளில் 1833இல் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் செய்தபோது கும்பினியின் இந்தியப் பகுதிகளை அதிலிருந்து விலக்கி வைத்தது. 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம்தான் இங்கே வந்தது. அதுவும் அடிமைமேல் உரிமை கோரி வரும் வழக்கை நீதிமன்றம் ஏற்காது என்று மட்டுமே சொன்னது. அடிமை வைத்திருப்பவனுக்குத் தண்டனை என்பது 1860இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தில்தான் வந்தது. நிலம் கொடுக்காமல், குடியிருக்கும் மனையைக்கூடக் கொடுக்காமல், "நீ விடுதலை பெற்றவன்" என்றால் அவன் எங்கே போவான்? குடிசை நிற்கும் மண் ஆண்டையுடையது. வேலைக்கு வர மறுத்தால் குடிசையைப் பிரி என்பான்.

அவுரி, மல்லாட்டை, கூலிக்கப்பல்

போவதற்கு ஒரே வழி கப்பல்தான் என்று ஆனது.

அடிமைமுறை ஒழிந்த தீவுகளில் கரும்பு வெட்ட ஆள் இல்லை. 1834 முதல் மொரீசியஸுக்கு ஒப்பந்தக் கூலிகள் போகத் தொடங்கினார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. நமக்கு மிக அருகில் இருந்த துறை புதுச்சேரி. அங்கிருந்து ரீயூனியனுக்கும், கடல்கள் பல தாண்டி மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கூலிக்கப்பல்கள் போயின. 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கை அடைந்தது. 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்பை அடைந்தது. குவாதலூப்புக்கு மட்டும் 40,000 பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து போனார்கள். அங்கே மாரியம்மன் 'மாலியமேன்' ஆனாள். மதுரைவீரனுக்கும் பெயர் திரிந்தது. பேச்சு மறைந்துபோன பிள்ளைகள் சாமியை மட்டும் மறக்கவில்லை.

அந்தக் கப்பல்களில் பல சாதியினரும் போனார்கள் என்பது உண்மை. சேரியிலிருந்து போனவர்கள் கணிசம். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். பலர் திரும்பவே இல்லை. ஆனாலும் ஏறினார்கள். கரும்புத் தோட்டத்துக் கங்காணியின் பிரம்பைவிட இங்கே எது கொடியதாக இருந்திருந்தால், ஒருவன் காணாத கடலில் காலை வைப்பான்?

ஆள் போன அதே துறையில்தான் விளைச்சலும் போனது. தென்னார்க்காடு அவுரிக்குப் பெயர்போனது. அவுரி நீலத்தில் தோய்த்த துணி புதுச்சேரியிலிருந்து ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. 'கினே' என்ற அந்த நீலத் துணி அங்கே பணம்போலப் புழங்கியது. முதலில் அடிமைகளை வாங்கவும் பின்னர் பிசின் வாங்கவும் பிரெஞ்சு வணிகன் அதைக் கொடுத்தான். அவுரித் தொட்டியில் இறங்கி, நாற்றத்தில் நின்று, காலால் கலக்கிய கூலிக்குத் தெரியாது: தன் காலடியில் ஊறும் நீலம் உலகின் மறுபக்கத்தில் இன்னொரு கறுத்த மனிதனுக்கு விலையாகப் போகிறது என்று.

பிறகு மல்லாட்டை வந்தது. தென்னமெரிக்காவில் பிறந்த நிலக்கடலை, ஸ்பானியப் பேரரசின் மணிலா பெயரைச் சுமந்து, மணிலாக்கொட்டையாகி, நம் வாயில் மல்லாட்டை ஆனது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து மல்லாட்டை வண்டி வண்டியாகப் புதுச்சேரிக்குப் போய், பிரான்சின் மர்சேய் நகரத்தில் எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. இன்றும் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் கடலை ரகங்கள் டி.எம்.வி. என்றுதான் தொடங்குகின்றன. பணப்பயிர் வந்தது, ரயில் வந்தது, சந்தை வந்தது. மல்லாட்டை பிடுங்கிய பெண்ணுக்குக் கூலி மரக்கால் கணக்கில் வந்தது.

கஞ்சிக்கு வெட்டிய கால்வாய்

1877 ஜனவரி 1 அன்று தில்லியில் பெரிய தர்பார். விக்டோரியா அரசி இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்டார். அந்த நேரத்தில் சென்னை மாகாணம் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. அதே மாதம் வந்து பார்த்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும், அதோடு சிறிது காசு கொடுக்கலாம் என்று கூலியைக் குறைத்தான். இந்தக் கூலியில் உடல் தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். பல லட்சம் பேர் மாண்டார்கள். ரயில் வண்டிகள் தானியத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதும் நிற்கவில்லை.

மரக்காணத்தில் முடியும் பக்கிங்காம் கால்வாய்க்கு அன்றைய ஆளுநரின் பெயர். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி 1877-78 பஞ்சத்தில், பட்டினியில் கிடந்தவர்களைக் கொண்டு வெட்டப்பட்டது. பஞ்சத்தில் முதலில் சாவது யார் என்று நாம் சொல்லத் தேவையில்லை. நிலம் இருந்தவன் விதைநெல்லைத் தின்றான், மாட்டை விற்றான், கடன் வாங்கினான். எதுவும் இல்லாதவனிடம் விற்பதற்கு உடம்பு மட்டுமே இருந்தது.

ஒரே ஒரு முறை நிலம் பேசப்பட்டது

பஞ்சத்துக்குப் பிறகு கேள்விகள் எழுந்தன. செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரில் வில்லியம் கௌடி போன்ற பாதிரிகள் சேரிகளின் நிலையை வெளியே கொண்டுவந்தார்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். தரிசு நிலம் கேட்டு மனுப்போட்டால் மிராசுதார் தடுப்பதையும், குடியிருக்கும் மனைகூட இவர்களுக்குச் சொந்தமில்லாததையும், மனையைக் காட்டியே மிரட்டி வேலை வாங்குவதையும் எழுதினார். நிலமும் மனையும் கொடுக்காமல் இவர்கள் நிமிர முடியாது என்பதே அறிக்கையின் சாரம்.

வருவாய் வாரியம் முடிந்தவரை மறுத்தது. நிலைமை அவ்வளவு மோசமில்லை என்றது. கடைசியில் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010, 1010ஏ எண் அரசாணைகளின் வழியே ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் திட்டம் வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். முதல் 10 ஆண்டு விற்கக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் கைமாற்றம் செல்லாது என்பது நிபந்தனை. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாக நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன.

1600இல் கும்பினி தொடங்கி 292 ஆண்டு கழித்து, 1801இல் நம் மாவட்டத்தைப் பிடித்து 91 ஆண்டு கழித்து, நிலம் என்ற சொல் நம்மை நோக்கி ஒருமுறை உச்சரிக்கப்பட்டது. அதுவும் ஊர் விரும்பாத தரிசில்.

அதைக்கூட வெள்ளையன் தானமாகக் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில்தான் அயோத்திதாசர் 1891இல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். செங்கல்பட்டுச் சீமையில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு, ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, ஆதிக்கச் சாதியினரே அதிகாரிகளாகி எங்கள்மேல் உட்காருவார்கள் என்று எதிர்த்து, 3,412 பேரின் கையெழுத்தோடு இலண்டன் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். இதைத் தேசத்துரோகம் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அவர்களிடம் ஒரு கேள்வி: அன்று தேசம் என்று எதைச் சொன்னீர்கள்? சேரிக்குக் கிணறு இல்லாத ஊரையா? ஆண்டைமேல் புகார் எழுத ஆண்டையின் உறவினரிடமே போகவேண்டிய கச்சேரியையா? எட்டி நின்ற எதிரியிடம் வீட்டில் இருந்த எதிரியைப் பற்றி முறையிட்டார்கள். வேறு யாரிடம் முறையிட்டிருக்க முடியும்?

ஆகவே, வெள்ளைக்காரன் நமக்கு நல்லது செய்தானா கெட்டது செய்தானா என்று பட்டிமன்றம் நடத்துவதில் நமக்கு ஆர்வம் இல்லை. அவன் தன் வேலையைச் செய்தான். அந்த வேலைக்கு நம் உடம்பு தேவைப்பட்டது. நம் ஊரின் சாதியும் தேவைப்பட்டது. பேரரசும் சாதியும் ஒன்றையொன்று எதிர்த்துக்கொண்டதைவிட ஒன்றுக்கொன்று கணக்கு எழுதிக்கொடுத்ததே அதிகம். 1947இல் ஒரு தரப்பு கப்பலேறிப் போனது. ஏடு இங்கேயே இருந்தது.

ஏட்டைத் திறப்போம்

1994 அக்டோபர் 10. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய மக்கள்மீது செங்கல்பட்டில் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். வெள்ளைக்கார அரசு தன் கையால் எழுதிக்கொடுத்த நிலத்தைக் கேட்டதற்குச் சுதந்திர இந்தியாவில் குண்டு கிடைத்தது. திரெமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே செங்கல்பட்டில்.

இன்று திண்டிவனம் தொடங்கி கூட்டேரிப்பட்டைத் தாண்டி விழுப்புரம் வரை நெடுஞ்சாலை ஓரம் மனைப்பிரிவுக் கொடிகள் பறக்கின்றன. யாரும் திரும்பிப் பார்க்காத மேட்டுத் தரிசு இப்போது சதுர அடிக் கணக்கில் விலைபேசப்படுகிறது. நம் தாத்தாக்களுக்கு 'எதற்கும் உதவாத நிலம்' என்று ஒதுக்கியதும் இப்படிப்பட்ட தரிசுகள்தான். எந்தச் சர்வே எண் எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்க்காமல் இருந்தால், இன்னும் பத்து ஆண்டில் பார்ப்பதற்கு நிலம் இருக்காது. வேலி மட்டும்தான் இருக்கும்.

நம் இளைஞர்களுக்குச் சொல்கிறோம். உங்கள் கிராமத்தின் அ-பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். 1980களில் நடந்த யு.டி.ஆர். கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள், பல இடங்களில் 'டி.சி. நிபந்தனை' என்ற குறிப்பு அந்தத் திருத்தத்தில்தான் காணாமல் போனது. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டை மாவட்ட ஆவணக் காப்பறையிலிருந்து கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப்போடுங்கள். சர்வே எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். வில்லங்கச் சான்று எடுத்து, நிலம் யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆண்டு போனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஜமாபந்தியில் மனுக்கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஊரில் இருக்கும் பெரியவர்களிடம், எந்தக் கொல்லையில் யார் உழுதார்கள், எந்தக் கிணறு யார் வெட்டியது, எந்தக் கடனுக்கு எந்த நிலம் போனது என்று உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். அவர்கள் போய்விட்டால் அந்தச் சாட்சியும் போய்விடும்.

துய்ப்ளே எங்கே நின்றான், அயர்கூட் எங்கே நின்றான் என்பதை ஐரோப்பியன் எழுதி வைத்துவிட்டான். அந்த வயலில் நம் பாட்டன் எந்தச் சர்வே எண்ணில் நின்றான் என்பதை நாம்தான் எழுதவேண்டும். அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு வாருங்கள். கூட்டேரிப்பட்டைச் சுற்றி இருக்கும் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பட்டியல் தயார் செய்வோம். ஆட்சியர் அலுவலகத்தில் நாம் வைக்கப்போகும் வரலாற்றுப் புத்தகம் அதுதான்.